சிறு மேய்ச்சல் நிலம் வாங்க உண்மையில் எவ்வளவு ஆகும்? கணக்குப் போடும் முறை

மேய்ச்சலுக்கென்று ஒரு ஏக்கரோ ஒரு ஹெக்டேரோ தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, ஏக்கர் என்ன விலை என்றுதான். அந்தப் பதிலை மட்டும் வைத்து நிலத்தை எடைபோட முடியாது. ஒரே விலைக்குக் கிடைக்கும் இரண்டு துண்டுகளில் ஒன்று வருடத்தில் நூறு நாள் ஒரு மாட்டுக்குத் தீனி போடும். மற்றது முப்பதாம் நாளே கைவிரித்துவிடும். விலையை ஒப்பிட ஏற்ற அளவுகோல் 'மாட்டு நாள்'. ஒரு மாடு ஒரு நாள் வயிறார மேயத் தேவையான புல்தான் ஒரு மாட்டு நாள். நிலத்தின் பேரில் ஆகும் வருடச் செலவை, அது வருடத்தில் தரும் மாட்டு நாட்களால் வகுத்துப் பாருங்கள். அந்த எண்ணைத்தான் பக்கத்து நிலத்தோடும், குத்தகையோடும், விலைக்கு வாங்கும் தீவனத்தோடும் ஒப்பிட வேண்டும்.

துண்டு சிறுத்தால் செலவு ஏன் கூடுகிறது

விலைபேசும்போது யாரும் சொல்லாத பெரிய செலவு வேலி. கால் ஹெக்டேர் சதுர நிலத்தின் பக்கம் 50 மீட்டர், சுற்றளவு 200 மீட்டர். ஒரு ஹெக்டேர் சதுரத்துக்குச் சுற்றளவு 400 மீட்டர். நான்கு ஹெக்டேருக்கு 800 மீட்டர். இதையே ஹெக்டேருக்கு இவ்வளவு என்று மாற்றினால் கால் ஹெக்டேர்காரருக்கு 800 மீட்டர், ஒரு ஹெக்டேர்காரருக்கு 400, நான்கு ஹெக்டேர்காரருக்கு வெறும் 200. ஒரே அளவு புல்லைக் காக்கச் சிறு நிலக்காரர் நான்கு மடங்கு வேலி போடுகிறார்.

வடிவமும் அதே அளவுக்கு முக்கியம். 100-க்கு 100 மீட்டர் சதுரமும் ஒரு ஹெக்டேர்தான், 25-க்கு 400 மீட்டர் நாடா நிலமும் ஒரு ஹெக்டேர்தான். ஆனால் நாடாவின் சுற்றளவு 850 மீட்டர். சதுரத்தின் விலையை 100 பங்கு என்றும், வேலி மீட்டருக்கு 0.03 பங்கு ஆகும் என்றும் வைத்துக்கொள்வோம். சதுரம் வேலியோடு 112-இல் முடியும். நாடா நிலத்தைப் பத்துப் பங்கு தள்ளுபடியில் 90-க்கு வாங்கினாலும் வேலி 25.5 சேர்ந்து 115.5 ஆகிவிடும். மலிவாகத் தெரிந்தது கடைசியில் கூடுதல். நாடா நிலத்தை வாங்கவே கூடாது என்பதில்லை. இருபுறமும் அடுத்தவர் வேலி ஏற்கெனவே உறுதியாக நின்று, அதைப் பகிர்ந்துகொள்ள எழுத்தில் சம்மதமும் இருந்தால் கணக்கு மாறும். வாய்ச் சம்மதத்தை நம்பி வேலிச் செலவைக் கழிக்காதீர்கள். பக்கத்து நிலம் கைமாறிய அன்றே அது போய்விடும்.

நிலஅளவை, வழக்கறிஞர் கட்டணம், பதிவுக்கான அலைச்சல், கேட், தண்ணீர்த் தொட்டி ஆகியவையும் பரப்பு குறைந்தால் குறைவதில்லை. போதாததற்குச் சிறு துண்டுகளுக்கு ஆள் போட்டியும் அதிகம். தோட்டம் போட நினைப்பவர், குதிரை வைத்திருப்பவர், என்றாவது வீடு கட்டலாம் என்று கணக்குப் போடுபவர் எல்லோரும் அங்கேதான் வருவார்கள். விலையில் எவ்வளவு புல்லுக்கு, எவ்வளவு அந்த வீட்டுக் கனவுக்கு என்று பிரித்துப் பாருங்கள். அந்த இடத்தில் கட்டட அனுமதிக்கு வாய்ப்பே இல்லாத விதி இருந்தால், கனவுக்கான பங்கை விற்பவருக்குக் கொடுக்க ஒரு காரணமும் இல்லை.

புல்லை அளப்பது

கண்ணால் பார்த்து 'நல்ல பச்சை' என்று சொல்வது அளவு ஆகாது. இரண்டு மீட்டர் கனமான கம்பியை வளைத்து, பக்கம் 50 சென்டிமீட்டர் உள்ள சதுரச் சட்டம் ஒன்று செய்துகொள்ளுங்கள். நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, குறைந்தது பத்து இடங்களில், இடம் பார்த்து வைக்காமல் எறிந்து விழவிடுங்கள். செழித்த இடமாகத் தேடி வைத்தால் கணக்கு முழுக்கப் பொய்யாகும். சட்டத்துக்குள் இருக்கும் புல்லைத் தரையோடு ஒட்ட அறுத்து, பைகளில் தனித்தனியாகப் போடுங்கள். மாடு தொடாத களையையும் முள்ளையும் சேர்க்க வேண்டாம். வெறும் தரையில் சட்டம் விழுந்தால் அந்த இடத்துக்குப் பூஜ்யம் என்று எழுதுங்கள். அதைத் தள்ளிவிட்டு மறுபடி எறியக் கூடாது.

அறுத்ததை வெயிலில் உலர்த்தி, அடுத்தடுத்த இரண்டு நாள் நிறுத்தும் எடை மாறாத வரை காயவிடுங்கள். பிறகு சராசரி கிராமை 40-ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கு எத்தனை கிலோ உலர்புல் என்று தெரியும். சராசரி 60 கிராம் என்றால் ஹெக்டேருக்கு 2,400 கிலோ.

இந்த 2,400-உம் மாட்டின் வயிற்றுக்குப் போகாது. பாதியை நிலத்திலேயே விட வேண்டும். ஒட்ட மேய்ந்த புல்லின் வேர் சுருங்கும், அடுத்த மழைக்கு அது எழாது. மீதிப் பாதியிலும் மிதிபடுவது, சாணமும் மூத்திரமும் படுவது, பூச்சி தின்பது என்று கணிசமான பகுதி வீணாகும். திறந்துவிட்டு ஒரே நிலத்தில் தொடர்ந்து மேய்த்தால், மொத்தத்தில் கால்பங்குதான் தீனியாகும் என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்துச் சுழற்சியாக மேய்த்து, இடையில் ஓய்வு கொடுத்தால் 35 விழுக்காடு வரை எடுக்கலாம்.

மாடு ஒரு நாளில் தன் உடல் எடையில் 2 முதல் 3 விழுக்காடு உலர்தீனி தின்னும். 400 கிலோ மாட்டுக்குச் சுமார் 10 கிலோ. 30 கிலோ ஆட்டுக்குச் சுமார் ஒரு கிலோ. ஆகவே தீனிக் கணக்கில் அந்த ஒரு மாடு பத்து ஆட்டுக்குச் சமம். ஆடு தழையையும் கடிக்கும் என்பதால், புதர் உள்ள நிலத்தில் ஆட்டுக்கு இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கும். 2,400 கிலோவில் கால்பங்கு 600 கிலோ, அதாவது 60 மாட்டு நாள். சுழற்சி மேய்ச்சலில் 840 கிலோ, 84 நாள்.

எந்தப் பருவத்தில் அளக்கிறீர்கள் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மழை முடிந்து புல் முற்றிய நேரத்தில் அளந்தால், ஒரே ஒரு மழைக்காலம் உள்ள இடத்தில் அதுதான் ஏறக்குறைய வருடத்தின் முழு விளைச்சல். மறுதுளிர் வரும் இடமானால் அதே நிலத்தை ஓய்வுக்குப் பின் இன்னொரு முறை அளந்து கூட்ட வேண்டும். விற்பவர்கள் பச்சை பிடித்திருக்கும் மாதத்தில்தான் நிலத்தைக் காட்டுவார்கள். வறட்சியின் கடைசி வாரங்களிலும் பெருமழைக்கு மறுநாளும் ஒருமுறை போய்ப் பாருங்கள். முதலாவது தண்ணீரின் உண்மையைச் சொல்லும், இரண்டாவது வடிகாலின் உண்மையைச் சொல்லும்.

எந்தப் பரப்பைக் கழிக்க வேண்டும்

பத்திரத்தில் உள்ள பரப்பு முழுவதும் மேயும் பரப்பு அல்ல. பாறை, அடர்ந்த முட்புதர், வண்டித்தடம், தொட்டியைச் சுற்றிச் சேறாகும் இடம், மாதக்கணக்கில் நீர் தேங்கும் பள்ளம் எல்லாவற்றையும் கழியுங்கள். சரிவையும் மறக்கக் கூடாது. 100 மீட்டருக்கு 10 மீட்டருக்குள் ஏறும் இடத்தை மாடு முழுதாக மேயும். 11 முதல் 30 மீட்டர் ஏறினால் அந்தப் பகுதியின் புல்லில் 30 விழுக்காட்டைக் கழிக்கலாம். 31 முதல் 60 வரை என்றால் 60 விழுக்காடு. அதற்கு மேல் மாட்டுக்கு அது மேய்ச்சலே இல்லை. செம்மறியும் வெள்ளாடும் இதைவிடச் செங்குத்தாக ஏறும்.

ஒரு ஹெக்டேரில் இப்படிக் கால்பங்கு போனால் 60 மாட்டு நாள் 45 ஆகும், 84 நாள் 63 ஆகும். விலையையும் 0.75 ஹெக்டேருக்குத்தான் பேச வேண்டும்.

வேலி போடும்போது

ஒரு ஹெக்டேர் சதுரத்துக்கு, கம்பத்துக்குக் கம்பம் 3 மீட்டர் இடைவெளி வைத்தால் சுமார் 134 கம்பங்கள். 1.8 மீட்டர் கம்பத்தில் 60 சென்டிமீட்டர் மண்ணுக்குள் போக வேண்டும். செலவைக் குறைக்க விரும்புகிறவர்கள் இடைக்கம்பங்களில் குறைக்கலாம், மூலைக் கம்பத்தில் கை வைக்கக் கூடாது. கம்பியை முறுக்கும்போது முழு இழுவையையும் தாங்குவது மூலைதான். முட்டுக்கொடுக்காத மூலை ஆறே மாதத்தில் உள்பக்கம் சாயும். சாய்ந்ததும் அந்தப் பக்கத்துக் கம்பி முழுவதும் தொய்யும்.

ஆட்டுக்கு முள்கம்பி மட்டும் போதாது, நுழைந்து போய்விடும். வலைக்கம்பி வேண்டும். கொம்புள்ள ஆடுகளுக்கு 15 சென்டிமீட்டர் கண் உள்ள வலை ஆபத்து: தலையை விடும், கொம்பு மாட்டி வெளியே எடுக்க முடியாது, வெயிலில் நின்றே சாகும். 10 சென்டிமீட்டர் கண் நல்லது. உயிர்வேலி மலிவுதான். ஆனால் அது அடைய இரண்டு மூன்று வருடம் ஆகும், அதுவரை அதைக் காக்கவே ஒரு வேலி தேவைப்படும்.

மின்வேலி முதலீட்டைக் கணிசமாகக் குறைக்கும். வேலிக்கென்றே செய்த, விட்டுவிட்டு மின் துடிப்பு அனுப்பும் கருவியை மட்டுமே பயன்படுத்த வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுப்பது ஆளைக் கொல்லும் வேலை. கம்பியில் மாட்டுக்குக் குறைந்தது 3,000 வோல்ட், ஆட்டுக்கு 4,000 வோல்ட் நிற்க வேண்டும். மின்வேலி வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலும் குற்றம் கருவியில் இருக்காது, எர்த்தில் இருக்கும். இரண்டு மீட்டர் நீளக் கம்பிகள் மூன்றை, ஒன்றுக்கொன்று 3 மீட்டர் தள்ளி, ஈரம் நிற்கும் இடத்தில் அடியுங்கள். தரை காய்ந்தால் அதிர்ச்சி விலங்கின் உடல் வழியாகச் சுற்று முடிக்காமல் போகும். அப்படிப்பட்ட மண்ணில் ஒரு கம்பி மின்சாரம், அடுத்தது எர்த் என்று மாற்றி மாற்றி ஓட்டுவதே வழி.

நிலத்தை நான்கு பாத்தியாகப் பிரிக்க 100-க்கு 100 சதுரத்தில் உள்ளே 200 மீட்டர் போதும். மாட்டுக்கு அந்த உள்வேலி ஒற்றை மின்கம்பியாக இருந்தாலே நிற்கும். 18 மாட்டு நாள் கூடுதலாகக் கிடைக்கச் செய்யும் இந்தச் சின்னச் செலவை விடாதீர்கள். ஆடு வளர்ப்பவர்களுக்கு இன்னொரு ஆதாயமும் உண்டு. சிறு நிலத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மேயும் ஆடுகளைக் குடற்புழு பிடித்துத் தின்னும். புழுவின் இளம்பருவம் புல்லில் வாரக்கணக்கில் காத்திருக்கும். ஓய்வு கிடைத்த பாத்தியில் அந்தச் சுமை குறையும்.

தண்ணீர்

மாட்டுக்கு ஒரு நாளில் 40 முதல் 80 லிட்டர், வெயிலையும் பாலையும் பொறுத்து. ஆட்டுக்கு 4 முதல் 8 லிட்டர். மூன்று மாட்டுக்கு நாளுக்கு 70 லிட்டர் வீதம் மூன்று நாள் கையிருப்பு என்றால் 630 லிட்டர். ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்துக்கொள்ளலாம். வண்டியில் கொண்டுபோவது என்றால் ஆயிரம் லிட்டர் ஒரு டன் எடை என்பதை நினைவில் வையுங்கள், பாதை அதைத் தாங்க வேண்டும்.

கிணறோ ஆழ்துளைக் கிணறோ புதிதாகப் போட வேண்டியிருந்தால், சிறு நிலத்தில் அந்த ஒரே செலவு மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அக்கம்பக்கத்துக் கிணறுகளின் ஆழம், கோடையின் கடைசியில் அவற்றில் நிற்கும் நீர்மட்டம் இரண்டையும் விசாரியுங்கள். ஏற்கெனவே கிணறு இருந்தால் சில மணி நேரம் தொடர்ந்து இறைத்து, மட்டம் எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்கு வருகிறது என்று பாருங்கள். தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 3,000 மில்லிகிராமுக்குள் இருந்தால் பொதுவாகக் கால்நடைக்குப் பரவாயில்லை. 5,000-ஐத் தாண்டினால் சினை மாட்டுக்கும் கறவைக்கும் தவிர்க்க வேண்டும். 10,000-க்கு மேல் எந்தக் கால்நடைக்கும் ஆகாது. நைட்ரேட் அளவையும் சேர்த்துக் கேளுங்கள்.

வழியும் பத்திரமும்

நிலத்துக்குப் போக வழி இல்லையென்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்க வேண்டாம். இன்று எல்லோரும் நடக்கும் தடம் நாளை அடைபடலாம். வழியுரிமை எழுத்தில், பதிவில் இருக்க வேண்டும். அது நடக்க மட்டுமா, கால்நடை ஓட்டவுமா, வண்டி போகவுமா, அகலம் எவ்வளவு, பராமரிப்பு யார் பொறுப்பு, இந்த ஐந்தும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். சாலையை ஒட்டிய நிலம் என்று சொன்னாலும் அளந்து பாருங்கள். சாலைக்கும் நிலத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் அகலக் கீற்று இன்னொருவர் பெயரில் இருந்தால், அவர் கேட்கும் விலையைக் கொடுத்துத்தான் நீங்கள் உள்ளே போக முடியும்.

மூலப்பத்திரத்திலிருந்து இன்றுவரை தொடர்ச்சி, அடமானம், வழக்கு, பாகம் பிரிக்காத பங்காளிகள், இன்னும் காலி செய்யாத குத்தகைதாரர் ஆகியவற்றை வழக்கறிஞர் பார்த்துச் சொல்வார். மேய்ச்சல் நிலத்துக்கென்று தனியாகக் கேட்க வேண்டியவை வேறு: ஊராருக்கோ பக்கத்தவருக்கோ அங்கே மேய்க்கும் உரிமை இருக்கிறதா, மின்கோபுரமோ குழாயோ அடியிலோ மேலேயோ போகிறதா, தண்ணீர் எடுக்கும் உரிமை நிலத்தோடு வருகிறதா, பின்னாளில் நிலம் மனையானால் கிடைக்கும் லாபத்தில் விற்பவர் பங்கு கேட்கும் நிபந்தனை எழுதியிருக்கிறதா. சில நாடுகளில் ஒரு அளவுக்குக் கீழே விவசாய நிலத்தைத் துண்டு போடத் தடை உண்டு, விவசாயி அல்லாதவர் வாங்கவும் தடை உண்டு. இதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்லையை அளவையாளரை வைத்து அளந்து, கல் நட்டு, பக்கத்து நிலக்காரர்களைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். சிறு நிலத்தில் ஒரு பக்கம் முழுக்க இரண்டு மீட்டர் குறைவது பெரிய விஷயம். 50-க்கு 50 மீட்டர் துண்டில் அது நூறு சதுர மீட்டர், மொத்தத்தில் 4 விழுக்காடு.

மண்ணும் அதில் கிடப்பதும்

மண் மாதிரியை 15 முதல் 20 இடங்களில், 10 சென்டிமீட்டர் ஆழம் வரை, வளைந்து வளைந்து நடந்து எடுங்கள். மரத்தடி, கேட் ஓரம், சாணம் குவியும் இடம் வேண்டாம். கார அமிலநிலை (pH) 6 முதல் 7-க்குள் இருந்தால் பயறுவகைத் தீவனங்கள் நன்றாக வரும். அதைவிடப் புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பு போட வேண்டும், அதையும் செலவில் சேருங்கள்.

நடந்து பார்க்கும்போது விஷச்செடிகளைத் தேடுங்கள். உண்ணிச்செடி ஈரலைக் கெடுத்து, வெயில் பட்டால் தோல் வெடிக்கும்படி செய்யும். அரளியில் சில இலைகளே மாட்டைக் கொல்லும். பார்த்தீனியம் பாலைக் கசக்க வைக்கும், புல்லையும் விரட்டும். இவை ஆங்காங்கே இருந்தால் பிடுங்கும் செலவு. நிலம் முழுக்க இருந்தால் பல வருடப் போராட்டம், ஏனென்றால் விதை மண்ணில் கிடக்கும்.

பழைய பேட்டரி எரித்த இடம், குப்பை கொட்டிய பள்ளம், உண்ணி மருந்துக் குளியல் தொட்டி இருந்த இடம் ஆகியவற்றைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஈயமும் ஆர்செனிக்கும் மண்ணிலிருந்து போகாது. கம்பித் துண்டை விழுங்கிய மாட்டுக்கு அது இரைப்பையைத் துளைத்து இதயம் வரை போகும். செத்த மாடுகளை அங்கே புதைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயின் கிருமி வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும்.

முழுக் கணக்கு

மேலே எடுத்துக்கொண்ட ஒரு ஹெக்டேர் சதுரத்தையே பார்ப்போம். எண்கள் எல்லாம் நிலவிலையை 100 பங்காக வைத்து, கணக்கு முறையைக் காட்டப் போட்டவை. உங்கள் இடத்து எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். நிலம் 100. வரி, பதிவு, வழக்கறிஞர், அளவை 10. வேலி 12. தண்ணீர் 8. கேட்டும் பாதைச் சீரமைப்பும் 3. புதர் வெட்டு, விதை, சுண்ணாம்பு 7. மொத்தம் 140.

கடன் வாங்கினாலும் சொந்தப் பணம் போட்டாலும் வட்டியைக் கணக்கில் கொண்டுவாருங்கள். சொந்தப் பணமும் வேறிடத்தில் இருந்தால் ஈட்டியிருக்கும். 8 விழுக்காட்டில் 140-க்கு 11.2. வேலி, தண்ணீர், கேட் சேர்ந்த 23 பங்கும் 15 வருடத்தில் தேயும் என்றால் வருடம் 1.5. பழுதுபார்ப்பும் நிலவரியும் 1.3. ஆக வருடத்துக்கு 14 பங்கு.

45 மாட்டு நாளால் வகுத்தால் ஒரு நாளுக்கு 0.31 பங்கு. உள்வேலி போட்டுச் சுழற்சியில் 63 நாள் எடுத்தால், அந்தக் கம்பிக்கான வருடச் செலவையும் சேர்த்து, ஏறக்குறைய 0.23. இதை 10 கிலோ உலர்தீவனத்தின் விலையோடு வைத்துப் பாருங்கள். அதே மாதிரி நிலம் வருடக் குத்தகைக்கு 4 பங்குக்குக் கிடைக்கிறது என்றால், சொந்தமாக வைத்திருப்பதற்கு வருடம் 10 பங்கு கூடுதலாகக் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். நிலவிலை ஏறி அது திரும்பி வரலாம். அதை நிலத்தில் போட்ட முதலீடாகத் தனியே பாருங்கள், புல்லின் கணக்கோடு கலக்காதீர்கள்.

பயணச் செலவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கால்நடை நிலத்தில் இருக்கும் ஒவ்வொரு நாளும் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். 5 கிலோமீட்டர் தள்ளி உள்ள நிலத்துக்கு 45 நாள் போய்வந்தால் 450 கிலோமீட்டர். எரிபொருளையும் நேரத்தையும் 14-ஓடு கூட்டுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள நிலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதை நியாயப்படுத்தும் ஒரே விஷயம் இதுதான்.

முன்பணம் கொடுக்கும் முன்

விலைபேசக் கழித்த பரப்பு, வேலியின் நீளம், தண்ணீர்ச் சோதனை முடிவு மூன்றையும் தாளில் எழுதி எடுத்துப்போங்கள். 'விலை அதிகம்' என்று சொன்னால் யாரும் இறங்க மாட்டார்கள். கால் ஹெக்டேர் முள்ளாக இருக்கிறது, அதை வெட்ட இவ்வளவு ஆகும் என்று காட்டினால் பேச்சு நகரும். ஒப்பந்தத்தில் அளவை முடிவு, தெளிவான உரிமை, எழுத்தில் வழியுரிமை, காலியான நிலமாக ஒப்படைப்பு ஆகிய நான்கையும் நிபந்தனையாகப் போடுங்கள். இவற்றில் எது தவறினாலும் முன்பணம் முழுதாகத் திரும்பி வரும் என்ற வரியும் வேண்டும்.

பதிவு முடிந்ததும் மாட்டை உடனே ஓட்டிப்போக வேண்டாம். விற்பனைக்கு வைத்த நிலத்தைக் கடைசி மாதங்களில் யாராவது ஒட்ட மேய்த்திருப்பார்கள். ஒரு மழைக்காலம் புல் எழும்பவிட்டு, அதற்குள் வேலியையும் தொட்டியையும் முடியுங்கள். பிறகு அதே கம்பிச் சட்டத்தால் மறுபடி அளந்து, எத்தனை மாடு எத்தனை நாள் என்று முடிவு செய்யுங்கள்.